பாலைவனத்தில் ஓர் அண்டை வீடு



நவம்பர் பிறந்துவிட்டால் காயல்பட்டினத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் ஸலாமுக்கும் நலம் விசாரிப்புக்கும் அடுத்து வருவது ஒரே கேள்விதான்: “இந்த வருசமும் வண்டிக்குப் போறீங்களா?” கேட்பவர் பெரும்பாலும் லாத்தாதான். டொராண்டோவில் வீடு வாசல் இருக்க, வயதான காலத்தில் கணவனும் மனைவியும் ஒரு வண்டிக்குள் ஐந்து மாதம் குடியிருப்பதை அவர்களால் இன்றளவும் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்களோ என்ற ஐயம் அவர்களுக்கு உண்டு. அதை வாய்திறந்து கேட்பதில்லை. “பிள்ளைகள் நல்லா இருக்காங்களா” என்று இருமுறை கேட்பார்கள், அவ்வளவுதான்.

பலரும் கேட்பதால் எழுதுகிறோம். இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்தார். தட்டச்சு செய்தவர் சொன்னவரை ஆங்காங்கே திருத்தினார். ஆகவே இதில் வரும் ‘நாங்கள்’ எப்போதும் ஒரே கருத்துடையவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிரித்துச் சொல்ல நேரும் இடங்களில் ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்று குறிப்பிடுகிறோம். ஐந்து வயது வேறுபாடு.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கனடாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றோம். ஓய்வுபெற்ற முதல் குளிர்காலத்தில் இளையவர் வீட்டு வாசலிலேயே பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இரண்டாம் குளிர்காலம் முழுவதும், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் வீட்டுக்குள்ளேயே கழிந்தது. பள்ளிவாசலுக்குப் போவதும் குறைந்தது. சன்னல் வழியே பனி அள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதே பொழுதாயிற்று. அப்போதுதான் மூத்தவருடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தமது இழுவை வண்டியை விற்கப்போவதாகச் சொன்னார். இருபத்தாறு அடி நீளம். அதற்குள் ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு குளியலறை, உண்பதற்கு ஒரு மேசை. வட்டிக் கடன் வாங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்ததால் கையிலிருந்த பணத்துக்கு எது கிடைக்குமோ அதையே வாங்கினோம். கூரையின் ஒரு மூலையில் ஒழுகும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம்.

வட அமெரிக்காவில் இப்படிக் குளிருக்கு அஞ்சித் தெற்கே போகிறவர்களைப் பனிப்பறவைகள் என்பார்கள். ஃபுளோரிடாவுக்குச் சிலர், டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்குச் சிலர், அரிசோனாவுக்குச் சிலர். நாங்கள் அரிசோனாவின் தென்மேற்கு மூலையிலுள்ள யூமாவைத் தேர்ந்தெடுத்தோம். டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். எட்டு நாள் பயணம். வழியெல்லாம் முஸாஃபிராகத் தொழுகையைச் சுருக்கியும் சேர்த்தும் தொழுதோம். யூமாவில் வண்டியை நிறுத்தி, தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் இணைத்த அன்றே மூத்தவர் கேட்டார்: “இனி நாம் பயணிகளா, ஊர்க்காரர்களா?” நாலு நாளுக்கு மேல் தங்கும் நிய்யத் வந்துவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபின்படி முழுத் தொழுகைதான். வீட்டுக்குச் சக்கரம் இருப்பது அதில் கணக்கில்லை. சட்டம் தெளிவு. மனத்துக்குத்தான் அது தெளிவாகச் சில காலம் பிடித்தது.

இன்னொன்றும் அன்று நிகழ்ந்தது. சிறுவயது முதல் மேற்கு நோக்கித் தொழுதவர்கள் நாங்கள். டொராண்டோவில் வடகிழக்கு. யூமாவிலோ வடக்குக்குச் சற்றே கிழக்கு. வண்டியை நிறுத்த ஒதுக்கிய இடத்தில் அந்தத் திசையில் பார்த்தால் நேர் எதிரே அண்டை வண்டியின் கதவு. கோடுபோட்ட மடக்கு நாற்காலியில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு நாய். இளையவர் முகம் சுருங்கியது. “கிப்லாவிலேயே நாயா?” என்றார்.

*

ஆர்.வி. பூங்கா என்ற பெயரைக் கேட்டு மரமும் புல்வெளியும் இருக்குமென்று எண்ணிவிடக் கூடாது. சரளைக்கல் பரப்பிய தரை. வரிசை வரிசையாக வண்டிகள். இரண்டு வண்டிகளுக்கு இடையே ஒரு காரும் இரண்டு நாற்காலிகளும் கொள்ளுமளவு இடைவெளி. ஒவ்வொரு வண்டியின் முன்னும் ஒரு பலகை, அதில் குடியிருப்பவர் பெயரும் அவர் சொந்த ஊரும். சாஸ்கச்சவான், மினசோட்டா, ஆரிகன், மனிடோபா. நடுவே ஒரு பொதுக்கூடம். அதில் சீட்டாட்ட மேசைகள், ஒட்டுத்துணி தைக்கும் பெண்களுக்கு ஓர் அறை, மரவேலைக் கொட்டகை. வெளியே பிக்கிள்பால் விளையாடும் திடல். எழுபது வயதுக்காரர்கள் காலை ஏழு மணிக்கே மட்டையுடன் அங்கே வந்துவிடுவார்கள்.

யூமாவைச் சுற்றிலும் வறண்ட பாலைதான். ஆயினும் கொலராடோ ஆற்றின் வாய்க்கால் நீர் பாயும் வயல்களில், குளிர்கால மாதங்களில் அமெரிக்கா உண்ணும் கீரை, லெட்டூஸ் வகைகளில் பெரும்பகுதி விளைகிறது. விடியுமுன்னரே மெக்ஸிகோத் தொழிலாளர்கள் பேருந்துகளில் வந்து குனிந்து அறுத்துக்கொண்டிருப்பார்கள். ஃபஜ்ருக்குப் பின் நாங்கள் நடக்கப் போகும்போது அவர்களைப் பார்ப்போம். பூங்காவில் ஓய்வு, வேலிக்கு வெளியே இடுப்பொடியும் உழைப்பு. இது எங்களுக்கு உறுத்தலாகவே இருந்துவருகிறது.

மெஜூல் பேரீச்சை விளைவதும் இங்கேதான். 1927இல் மொராக்கோவிலிருந்து பதினொரு கன்றுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்பது பிழைத்தன. மற்ற இரண்டை ஒரு நாய் தோண்டிப்போட்டது என்று கதை சொல்வார்கள். இந்நாட்டு மெஜூல் தோப்புகளுக்கெல்லாம் மூலம் அந்த ஒன்பதுதானாம். கடையில் முதன்முறை இப்பழத்தைப் பெட்டியோடு வாங்கிவந்தபோது, எங்கோ அந்நியத்தில் கிடக்கிறோம் என்ற எண்ணம் சற்றுத் தணிந்தது.

பூங்கா மனிதர்களின் பழக்கவழக்கங்கள் எங்களுக்குப் பிடிபட ஒரு பருவம் ஆயிற்று. முதலாவது, இங்கே எவரும் எவரையும் ‘என்ன வேலை பார்த்தீர்கள்’ என்று கேட்பதில்லை. எங்கிருந்து வந்தீர்கள், எத்தனை மாதம் இருப்பீர்கள், உங்கள் வண்டியின் கூரை ஒழுகுகிறதா — இவையே கேள்விகள். விமானியாக இருந்தவரும் லாரி ஓட்டியவரும் ஒரே குழாயடியில் நின்று கழிவுத்தொட்டியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது, எல்லோரையும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். எண்பத்து நான்கு வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லி அழைப்பதா? எங்களுக்கு நா எழவில்லை. எதிர்வண்டிக்காரரை எங்களுக்குள் ‘காக்கா’ என்று குறிப்பிடத் தொடங்கினோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்பதால் அவர் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்றாவது, மாலை நான்கு மணி. நாற்காலிகள் வட்டமாகக் கூடும், குளிர்பெட்டிகள் திறக்கும், பீரும் ஒயினும் வெளிவரும். பூங்காவின் நட்பெல்லாம் இந்த வட்டத்தில்தான் முளைக்கிறது. மது பரிமாறப்படும் இடத்தில் அமர்வதற்கில்லை என்பது எங்கள் நிலை. செவ்வாய்க்கிழமை இரவில் பணம் வைத்து பிங்கோ, அதுவும் ஆகாது. மாதமொரு முறை எல்லோரும் ஆளுக்கொரு பண்டம் சமைத்துவரும் பாட்லக் விருந்து; பன்றித்தொடை இல்லாத மேசை இல்லை. அவரைக்குழம்பிலும் பன்றிக்கொழுப்பு, வண்ண வண்ண ஜெல்லியிலும் அதன் எலும்புச் சாறு. முதல் பருவம் முழுவதும் எங்கள் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் “நன்றி, வேண்டாம்” என்பதே. மூன்று மாதம் தொடர்ந்து வேண்டாம் என்பவரை யார்தான் அழைப்பார்கள்? அழைப்பு நின்றது. அவர்கள் மேல் குற்றமில்லை. நாங்கள் எதை மறுக்கிறோம் என்று சொன்னோமேயன்றி, எதற்கு வருவோம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

இது இளையவருக்குத்தான் முதலில் விளங்கியது. சனிக்கிழமை காலைகளில் பொதுக்கூடத்தில் காபியும் டோனட்டும் கொடுப்பார்கள். மதுவும் இல்லை, சூதும் இல்லை. இரண்டாம் பருவத்தின் முதல் சனிக்கிழமை, ஐம்பது பருப்பு வடைகளைச் சுட்டு எடுத்துக்கொண்டு சற்று முன்னதாகவே போய் நாற்காலிகளைப் போட்டு வைத்தோம். வடையை முதலில் கையிலெடுத்தவர் எங்கள் காக்கா. கடித்துப் பார்த்துவிட்டு, “இதில் துளையைப் போட மறந்துவிட்டீர்களே” என்றார். டோனட் என்று நினைத்திருக்கிறார். கூடமே சிரித்தது, அன்றிலிருந்து நாற்காலி போடுவது எங்கள் பொறுப்பாயிற்று. விருந்துகளை ஒழுங்குசெய்யும் மினசோட்டா அம்மையார், பன்றி சேராத பண்டங்களின் முன் ஒரு சின்னப் பச்சைச் சீட்டை ஒட்டத் தொடங்கினார். நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. அவருடைய மருமகள் யூதப் பெண்ணாம், அந்தப் பழக்கம்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். இரண்டு வரிசை தள்ளி இருக்கும் ஒரு தம்பதியர், இளையவரின் தலைமறைப்பைப் பார்த்த நாள் முதல் எங்கள் வணக்கத்துக்கு மறுமொழி சொன்னதில்லை. இன்றுவரை இல்லை. நாங்களும் சொல்வதை நிறுத்தவில்லை. அதில் அன்பு பாதி, பிடிவாதம் பாதி.

சனிக்கிழமைக் காபியின்போது ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். பிறந்தநாள், மணநாள், நடனப் பயிற்சி, எல்லை தாண்டிப் பல் மருத்துவரிடம் போகும் காருக்கு இடம் வேண்டுவோர். (மெக்ஸிகோவின் லோஸ் அல்கோதோனெஸ் பக்கத்திலேயே இருக்கிறது, காரை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே போகலாம். தெருவெல்லாம் பல் மருத்துவமனைகள். மூத்தவரின் இரண்டு கடைவாய்ப் பற்கள் அங்கே செய்தவைதான்.) இறுதியில், மருத்துவமனையில் இருப்பவர்கள், கோடையில் இறந்துபோனவர்கள். அந்தப் பட்டியலை வாசிக்கும்போது காபிக் கோப்பைகளின் ஓசைகூட நின்றுவிடும். பிறகு மறுபடியும் பேச்சு தொடங்கும். “அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்று இங்கே எவரும் உறுதியாகச் சொல்வதில்லை. ‘முடிந்தால்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நாம் சொல்லும் இன்ஷா அல்லாஹ்வை அவர்கள் முதுமையிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று மூத்தவர் சொல்வார்.

*

2024 சனவரியில் காக்காவும் நாங்களுமாக க்வார்ட்ஸைட்டுக்குப் போனோம். யூமாவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். ஒவ்வொரு சனவரியிலும் அங்கே மாபெரும் ஆர்.வி. சந்தை கூடுகிறது. அதைச் சுற்றிலும் அரசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டி வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். குழாயில்லை, மின்சாரமில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வண்டிகள். முதன்முதலில் பார்த்தபோது இருவர் நினைவிலும் ஒரே நேரத்தில் எழுந்தது மினாவின் கூடாரங்கள்தான். இது சந்தை, அது இபாதத், ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் நினைவு அனுமதி கேட்டு வருவதில்லையே.

காக்காவுக்குக் கூரை ஒழுகலை அடைக்கும் பசை வேண்டியிருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்தது அங்கிருந்த கல்லறைத் தோட்டத்தில். அங்கே பிரமிடு வடிவில் கற்களால் எழுப்பிய ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. உச்சியில் செம்பில் வெட்டிய ஓர் ஒட்டகம். ‘ஹை ஜாலி’ என்பவரின் அடக்கத்தலம். பனிப்பறவைகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஹை ஜாலி என்பது வேடிக்கைப் பெயரன்று. ஹாஜி அலீ என்பதை அமெரிக்க நாக்கு திரித்துக்கொண்டது அது.

1855இல் அமெரிக்கக் காங்கிரஸ், பாலைவனத்தில் படைக்குச் சுமை தூக்க ஒட்டகங்களை வாங்க 30,000 டாலர் ஒதுக்கிற்று. மறு ஆண்டு டெக்சாஸ் கரையில் ஒட்டகங்கள் வந்திறங்கின. அவற்றோடு உதுமானிய ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த ஒட்டகக்காரர்களில் ஒருவர் இவர். ஒட்டகங்கள் நன்றாகத்தான் உழைத்தன. ஆனால் கோவேறு கழுதைகள் அவற்றின் வாடைக்கு மிரண்டன, படைவீரர்களுக்கும் பிடிக்கவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டதும் திட்டமே கைவிடப்பட்டது. ஒட்டகங்களை விற்றார்கள், சிலவற்றைப் பாலையில் விட்டார்கள். ஹாஜி அலீ இங்கேயே தங்கிச் சுரங்கம் தேடியும் சுமை ஏற்றியும் பிழைத்து, 1902 டிசம்பரில் இவ்வூரில் இறந்தார். 1935இல் நெடுஞ்சாலைத் துறை இச்சின்னத்தை எழுப்பியது.

பிற்காலத்தில் வேறு பெயரில் குடியுரிமை பெற்று, மெக்ஸிகோ வழிப் பெண்ணை மணந்து வாழ்ந்தவர். கடைசியில் எந்த நிலையில் போனார் என்பதை அல்லாஹ்வே அறிவான். நாங்கள் கபுறுவாசிகளுக்குச் சொல்லும் ஸலாமைச் சொல்லி, கையேந்தி நின்றோம். திரும்பிப் பார்த்தால் காக்கா தொப்பியைக் கழற்றி மார்பில் பிடித்துக்கொண்டு நின்றார். நாய்கூட வாலைச் சுருட்டி அமர்ந்திருந்தது. திரும்பும் வழியில் கேட்டார்: “அவருக்கு என்ன சொன்னீர்கள்?” ‘உங்களுக்கு அமைதி உண்டாகட்டும், நாங்களும் உங்களிடம் வந்து சேரக்கூடியவர்களே’ என்ற பொருளைச் சொன்னோம். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “என் மனைவிக்கு நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை” என்றார். அந்த அம்மையார் நாங்கள் வருவதற்கு முந்தைய கோடையில் மனிடோபாவில் இறந்தவர். நாய் அவர் வளர்த்தது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

*

நாயைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதல் பருவத்தில் அது எங்களை நோக்கி ஓடிவரும்போதெல்லாம் இளையவர் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மூத்தவர் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார். அதன் எச்சில் பட்டால் ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் சேர்த்துக் கழுவ வேண்டும் என்று வளர்ந்தவர்கள். இதைக் காக்கா தம்மையே ஒதுக்குவதாக எடுத்துக்கொண்டார். ஓராண்டு அவர் எங்களோடு அதிகம் பேசாததற்குக் காரணம் இதுதான் என்று பின்னால் தெரிந்தது. ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். எங்கள் மார்க்கச் சட்டத்தை ஒருவருக்கு எடுத்துச் சொல்வது அவரைக் குறை சொல்வதாகிவிடுமோ என்று தயங்கித் தயங்கி, சொல்லாமலே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

2025இல் மார்ச் முதல் தேதியே ரமளான் பிறந்தது. அந்த மாதம் வேறொரு வகையிலும் கனத்தது. மார்ச் 4 அன்று கனடாப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுகளாய் ஒரே மேசையில் சீட்டாடியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கனடாக்காரர்கள் சிலர் வழக்கத்துக்கு முன்பே வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சிலர் விற்றே விட்டார்கள். காக்கா கிளம்பவில்லை. “கோதுமை விதைக்க நான் இனிப் போகவேண்டியதில்லை” என்றார். நாங்களோ நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தோம். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொல்லித்தந்ததை எண்ணி, தினமும் ஒரு பாத்திரம் எதிர்வண்டிக்குப் போகும். மஃரிபுக்குச் சற்றுமுன், 6:45 மணி வாக்கில், அவரும் தம் நாற்காலியில் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நாங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த பிறகுதான் கரண்டியை எடுப்பார். நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை.

நோன்பு பதின்மூன்றாம் நாள் மாலை நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே நாய் குரைத்துக்கொண்டேயிருந்தது. மூத்தவர் போய்த் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். படிக்கும் அடுப்புக்கும் நடுவில் விழுந்துகிடந்தார், இடுப்பெலும்பு. நினைவு இருந்தது. காலையிலிருந்தே அப்படிக் கிடந்திருக்கிறார். நாங்கள் கஞ்சியோடு வருவோம் என்று தெரியுமாம், அதற்காகக் காத்திருந்தாராம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கும்போது அவர் கேட்டது ஒன்றே: “நாய்?”

நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவர் மூத்தவர். சொல்லிவிட்டு அவர் ஆம்புலன்சின் பின்னால் காரில் போய்விட்டார். நாயோடு நின்றவர் இளையவர். நோன்பு திறந்ததும் ஒரு மிடறு தண்ணீர் மட்டுந்தான்.

அன்றிரவு எங்கள் ‘நாங்கள்’ இரண்டாகப் பிளந்தது. “என்னைக் கேட்காமல் எப்படி வாக்குக் கொடுக்கலாம்? ரமளானில், தொழுகிற இடத்தில்?” என்பது ஒரு பக்கம். “அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?” என்பது மறுபக்கம். பூங்காவில் நாய் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுத்துவிடலாமே என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அது வேறு நாய்களோடு ஒத்துப்போகாத கிழட்டு நாய். தவிர, காக்கா கேட்டது எங்களிடம்.

ஸஹர் நேரத்தில் ஊரிலுள்ள ஆலிம் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அங்கே அப்போது மாலை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: அதை அதன் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த உடம்பு உலர்ந்த உடையில் படுவதால் ஒன்றுமில்லை, ஈரம் பட்டால் முறைப்படி கழுவிக்கொள்ளுங்கள், பசித்த உயிருக்குத் தீனி போட ஃபத்வா எதற்கு? பிறகு, தாகித்த நாய்க்குக் காலணியில் நீர் முகந்து புகட்டியதால் மன்னிக்கப்பட்டவரின் செய்தியை நினைவூட்டினார். தெரிந்த செய்திதான். எத்தனையோ பயான்களில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். அப்போதெல்லாம் அந்த நாய் எதிர்வண்டியில் இருக்கவில்லை.

ஆறு நாள் பார்த்துக்கொண்டோம். மூத்தவர் தீனி வைத்தார். இரண்டு வேளையும் நடத்திக்கூட்டிப்போனவர், எவரும் எதிர்பாராதபடி, இளையவர். மூத்தவருக்கு முழங்கால் வலி. அது இழுத்தால் அவர் விழுந்துவிடுவார் என்பது காரணம். வீட்டு வாசலில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவருக்கு விழுவதைப் பற்றித் தெரியும். தலையில் மறைப்பு, கையில் தோட்டக் கையுறை, அதற்கென்றே ஒதுக்கிய பழைய அங்கி, கயிற்றின் முனையில் நாய். பூங்காவே பார்த்தது. மூன்றாம் நாள் அது அவர் கையை நக்கிவிட்டது. கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் நின்று பாலைவன மண்ணை அள்ளித் தேய்த்து ஏழுமுறை கழுவினார். மண்ணுக்குப் பஞ்சமில்லாத ஊர். கழுவும்போது அழுதார். அருவருப்பினால் என்று மூத்தவர் நினைத்தார். அவர் இதைத் தட்டச்சு செய்யும்போதுதான் இளையவர் திருத்துகிறார்: இல்லை, அது அந்த அம்மையாரைத் தேடிக்கொண்டிருந்தது என்று தோன்றியதால்.

நான்காம் நாள் காலையில், எங்கள் வணக்கத்துக்கு மறுமொழி சொல்லாத அந்தத் தம்பதியரில் கணவர், நாயைப் பார்த்துக் கையசைத்தார். நாயைப் பார்த்துத்தான்.

ஏழாம் நாள் வின்னிபெகிலிருந்து மகன் வந்தார். தந்தையை மருத்துவ விமானத்தில் அழைத்துப்போக ஏற்பாடு செய்தார், வண்டியை விற்கும்படி பூங்கா அலுவலகத்தில் சாவியைக் கொடுத்தார், நாய்க்கு விமானக் கூண்டு வாங்கினார். எங்களுக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் ஒரு போத்தல் ஒயின் வாங்கிவந்திருந்தார் பாவம். நாங்கள் வாங்காததைக் கண்டு கலங்கிப்போனவரை உட்காரவைத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை இருக்கச் சொல்லி, கஞ்சி ஊற்றினோம். தந்தை தொலைபேசியில் தினமும் பேசியது இதைப் பற்றித்தானா என்று கேட்டார்.

காக்கா இப்போது மனிடோபாவில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாயிறுதோறும் பேசுகிறார். கூரை ஒழுகலைக் கேட்கிறார். நாய் மகன் வீட்டில்.

இந்த நவம்பரில் நாங்கள் வந்து சேர்ந்தபோது எதிரே வேறு வண்டி நின்றது. ஐடஹோவிலிருந்து ஒரு தம்பதியர், அறுபதுக்குச் சற்று மேல். பலகையில் பெயர் இன்னும் எழுதவில்லை. அவர்களிடம் இரண்டு நாய்கள். உளுந்தா பருப்பா என்பது வரை பேசி முடித்துவிட்டோம். நாளைக் காலையில் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு முதலில் போய்க் கதவைத் தட்டுவது யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.